என் கண்ணு பட்ட பரோட்டா

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. பக்கத்து வூட்டுக்காரி நெக்லஸப் பாத்து வர்ற பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒருத்தர் வர்க்கிய டீயில முக்கி, அது ஊறி ஒடஞ்சு வுழறதுக்குள்ள லபக்குன்னு வாயில போடறாரே, அவரப் பாத்து வர்ற பொறாமை. பாலக்கோட்டுல ஒரு பரோட்டா கடைக்குப் பின்னால ஒரு செவல நாய் கெடக்கும். எலையில மிச்சம் மீதி எல்லாம் அதுக்குத்தான். ஒரு நாள் அதப் பாத்து, "ஒனக்கு வந்த வாழ்வப் பாரு"ன்னு வாய்விட்டே சொல்லிப்புட்டேன். பக்கத்துல பஸ்ஸுக்கு நின்ன அம்மா ஒரு மாதிரியா பாத்துட்டு நாலடி தள்ளிப் போயி நின்னுக்கிச்சு.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் டீச்சர். எங்க வூட்டுக்காரருக்குத் தக்காளி வெவசாயம். எங்களுக்கு ஒரே பொண்ணு. நாலு வருசமா எனக்கு ஒடம்புல ரத்தமே நிக்கல. வயித்தால போகும், தல சுத்தும், போர்டுல எழுதிக்கிட்டு இருக்கறப்பவே கண்ணு இருட்டும். கர்ப்பப்பைன்னு ஒருத்தர் சொன்னாரு, டென்ஷன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் தின்ன முருங்கக்கீரையில ஒரு தோப்பே மொட்டையாகியிருக்கும். கடைசியா சேலத்துல ஒரு வயித்து டாக்டர், ரத்தம் எடுத்து, வாய் வழியா குழாய் வுட்டு, குடல்ல துணுக்கு எடுத்துப் பாத்துச் சொன்னாரு. நோய்க்குப் பேரு சீலியாக். கோதுமையில குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா என் ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு என் குடலையே அரிச்சுத் தள்ளுது. மருந்து கெடையாது. கோதுமை, மைதா, ரவை எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

கேட்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. இவ்வளவுதானா, கோதுமை என்ன நம்ம சாப்பாடா, களியும் சோறும் தின்னுட்டுப் போன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ராகிக் களி திங்கற ஊருல பொறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு நோயான்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது. பரோட்டாவத் தாண்டி பன்னு, பிஸ்கட்டு, உப்புமா, சேமியா பாயசம், பஜ்ஜிக்குப் போடற மாவு, எல்லாத்துலயும் அவன் இருக்கான். ரசத்துக்குப் போடற பெருங்காய டப்பாவத் திருப்பிப் பொடி எழுத்தப் படிச்சா, அங்கயும் ஒக்காந்திருக்கான். மில்லுல எனக்கு முன்னாடி ஒருத்தர் கோதுமை அரைச்சிருந்தா என் ராகி மாவும் போச்சு. ஒகேனக்கல்லுக்குப் போன எடத்துல ஆத்துமீனுதான, இதுல என்ன இருக்கப்போவுதுன்னு வறுவல வாயில வெக்கப் போனேன். எதுக்கும் இருக்கட்டும்னு கேட்டா, கொஞ்சூண்டு மைதா போடலேன்னா மசாலா ஒட்டாதுங்களேங்குது மீனு வறுக்கற அக்கா. எல்லாரும் மீனு தின்னாங்க. நான் ஆத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

எங்க வூட்டுக்காரரு நல்ல மனுசன். டாக்டரு சொன்ன அன்னிக்கே வூட்டுல இருந்த கோதுமை மாவு, ரவை, பிஸ்கட்டு எல்லாத்தையும் மூட்ட கட்டித் தன் அக்கா வூட்டுல கொண்டுபோயி எறக்கிட்டாரு. அக்கான்னா என் நாத்தனார். அடுத்த வாச அவங்களுது. அன்னியிலிருந்து எங்க வூட்டுக்குள்ள ஒரு பொட்டு கோதுமை வந்ததில்ல. ஆனா மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுப் போறவரு அங்கயே ரெண்டு பரோட்டா தின்னுட்டுத்தான் வருவாரு. வாயக் கொப்பளிச்சுட்டு வந்தாலும் சட்டையில சால்னா வாசன வரும். மத்த பொம்பளைங்க புருசன் சட்டையில வேற வாசனையத் தேடுவாங்க. நான் பட்ட, சோம்பு வாசனையத் தேடி, கண்டுபிடிச்சு, அதுக்குன்னே வேறெதையோ சாக்கா வெச்சு சண்ட போடுவேன். அவருக்குக் காரணமே தெரியாது, பாவம்.

இப்படி ரெண்டு வருசம் போச்சு. பொண்ணுக்குப் பதினோரு வயசு ஆச்சு. ஆனா அவ வளரவே இல்ல. பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்கறப்ப மூணாவது படிக்கற புள்ளைங்ககூட அவளவிட ஒசரமா இருந்துச்சு. சேலத்து டாக்டர் மொதல்லயே சொல்லியிருந்தாரு, இது ரத்தத்துல வர்றது, புள்ளைக்கும் பாத்துருங்கன்னு. நாங்கதான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டோம். இருக்குன்னு கேட்டுடுவோமோங்கற பயம்தான். கடைசியா கூட்டிக்கிட்டுப் போனா அவரு ஒரு புது சங்கதி சொன்னாரு.

அந்த ரத்த டெஸ்டுல ஒரு கிறுக்குத்தனம் இருக்கு. கோதுமை தின்னுக்கிட்டு இருந்தாத்தான் நோய் தெரியும். திங்காம இருந்தா, நோய் இருந்தாலும் இல்லேன்னுதான் வரும். என் பொண்ணு ரெண்டு வருசமா வூட்டுல கோதுமையே திங்கல, வெளிய எப்பவாச்சும் ஒரு பன்னு, சமோசான்னு தின்னதோட சரி. அதனால ஒன்றரை மாசம் தெனமும் ரெண்டு சப்பாத்தியோ பரோட்டாவோ கொடுங்க, அப்புறம் ரத்தம் எடுங்கன்னுட்டாரு. இருந்தா சின்ன வயசுலயே பிடிச்சுடலாம், வளர்த்தியும் வந்துடும். தவறவிட்டா என்னைய மாதிரி நாலு வருசம், அஞ்சு வருசம் ரத்தமில்லாம கெடப்பா. எங்களுக்கு இருந்த கவலை அதுதான்.

எங்க வூட்டுல சமைக்க முடியாது. நாத்தனார் அவங்க வூட்டுல சப்பாத்தி போட்டுக் குடுத்தாங்க, இல்லேன்னா அவரு பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தாரு. எங்க தட்டுல படக்கூடாதுன்னு பாக்குமட்டைத் தட்டு ஒரு கட்டு வாங்கி வெச்சோம். தெனம் சாயங்காலம் வெளிவாசல்ல சிமெண்டு தளத்துல ஒக்காந்து அவ திம்பா. நான் வாசப்படிக்கு உள்ள, எதிர்ல, களித் தட்டோட ஒக்காருவேன்.

ஐயோ, அந்தச் சத்தம். பரோட்டாவப் பிச்சா சத்தம் வரும்னு உங்களுக்கெல்லாம் தெரியாது, எனக்குத் தெரியும். மொத பிச்சல்ல மெல்லிசா சரக்குன்னு ஒண்ணு, அப்புறம் உள்ள ஏடு ஏடா பிரியறப்ப ஒரு சத்தமில்லாத சத்தம். அவளுக்குத் திங்கவே தெரியல. ஓரத்த வுட்டுட்டு நடுவுலயே கொறிப்பா. சால்னாவுல சும்மா தொட்டுக்குவா, ஊறவே வெக்க மாட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கெடச்சவளுக்கு அரும தெரியல, அரும தெரிஞ்சவளுக்குக் கெடைக்கல. "எப்படி இருக்கு"ன்னு கேப்பேன். "நல்லாருக்கு"ம்பா. நல்லாருக்குன்னா எப்படி, ஓரம் மொறுமொறுன்னு இருக்கா, உள்ள மெத்துன்னு இருக்கா, எண்ண ஜாஸ்தியான்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பேன். பதினோரு வயசுப் புள்ள, பரிச்சைக்கு வந்த மாதிரி முழிச்சு முழிச்சு பதில் சொல்லும். அவ சொல்லச் சொல்ல நான் களிய உருட்டி முழுங்குவேன்.

இன்னொன்னும் சொல்லணும். எழுதறதா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். அவளுக்கு இந்த நோய் இருக்கக்கூடாதுன்னு எல்லா சாமிக்கும் வேண்டினேன். அப்படி வேண்டறப்பவே உள்ளுக்குள்ள ஒருத்தி, இருந்தாத்தான் என்ன, எனக்கு ஒரு துணை ஆச்சேன்னா. கல்யாண வூட்டுல எலையில ஒண்ணொண்ணா இது என்னா போட்டது, அது என்னா போட்டதுன்னு கேட்டு எல்லார்கிட்டயும் மொறைப்பு வாங்கற எடத்துல, பக்கத்துல இன்னொருத்தி இருந்தா எப்படி இருக்கும்னா. நான் அவள அதட்டினேன். அவ போகல.

பத்தாம் நாளோ என்னமோ, பொண்ணு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுக்கிட்டா. மறுநாளும் அதேதான். பரோட்டா தின்ன அரமணி நேரத்துல வயிறு உப்பிக்கும், வலிக்குதுன்னு முனகும். நாத்தனார் வந்து வயித்துக்கு வெளக்கெண்ண தடவிட்டு, என்னைய நிமிந்து பாக்காமயே சொன்னாங்க.

"தெனம் எதிர்ல ஒக்காந்து வாயப் பாத்துக்கிட்டு இருந்தா புள்ளைக்கு எப்படிச் செரிக்கும்? கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. பெத்தவ கண்ணே பொல்லாத கண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க."

எனக்கு ஆத்தமாட்டாத ஆத்திரம் வந்துச்சு. இது நோயாத்தான் இருக்கும், அதுக்குத்தான டெஸ்டே எடுக்கறோம், படிச்சவகிட்ட வந்து கண்ணு காதுன்னுக்கிட்டுன்னு நல்லா கேட்டேன். அவங்க எண்ணக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு போயிட்டாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் எனக்கு உக்கார முடியல, நிக்க முடியல. ஏன்னா அவங்க சொன்னது பொய்யின்னு என் வாய் சொல்லுதே தவிர மனசு சொல்லல. நான் பாத்த பார்வை எனக்குத் தெரியும்ல.

எங்க ஊருல கண்ணு பட்டா, யாரு கண்ணுன்னு சந்தேகமோ அவங்க காலடி மண்ண அவங்களுக்குத் தெரியாம மூணு சிட்டிக எடுத்து, உப்பும் வரமொளகாயும் சேத்து, புள்ளையச் சுத்தி, மூணு தரம் துப்பச் சொல்லி அடுப்புல போடுவாங்க. மொளகா நெடி வந்தா ஒண்ணுமில்ல. நெடியே வரலேன்னா கண்ணு பட்டது நெசம். மூடநம்பிக்கைன்னு நானே வகுப்புல இதச் சொல்லி, புள்ளைங்களச் சிரிக்க வெச்சிருக்கேன். அன்னிக்கு வெளக்கு வெக்கற நேரத்துல, யாரும் இல்லேன்னு பாத்துக்கிட்டு, பின்வாசல்ல ஈர மண்ணுல காலப் பதிச்சு, எடுத்துட்டு, குனிஞ்சு என் காலடி மண்ண நானே அள்ளினேன். ஒலகத்துல எவளாச்சும் தன் காலடி மண்ணத் தானே எடுப்பாளா? நான் எடுத்தேன்.

பொண்ணக் கூப்புட்டு நிக்க வெச்சுச் சுத்தினேன். ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு எல்லாம் சொல்லிட்டு, கடைசியா மெதுவா பெத்தவ கண்ணுன்னும் சொல்லிக்கிட்டேன். துப்புடின்னேன். துப்பினா. வெந்நீர் அடுப்புல தணல் இருந்துச்சு, போட்டேன். உப்பு படபடன்னு பொரிஞ்சுது. மொளகா கருகுச்சு. நெடியே இல்ல. ஒரு தும்மல்கூட வரல. மழக்காலம், மொளகா நமத்துப்போயி இருந்திருக்கும்னு அறிவியல் டீச்சருக்குத் தெரியாம இல்ல. ஆனாலும் அடுப்புகிட்ட குனிஞ்சு இன்னொரு தரம் மோந்து பாத்தேன்.

மறுநாள்லேர்ந்து அவ திங்கறப்ப நான் எதிர்ல ஒக்காரல. தட்ட அவ முன்னாடி வெச்சுட்டு, பின்பக்கம் போயி தண்ணித் தொட்டிகிட்ட நின்னுக்குவேன். வாசன அங்கயும் வரும். மூக்கப் பொத்திக்கிட்டு நின்ன நாளும் உண்டு. நாலாம் நாளே வயித்து வலி நின்னுபோச்சு. அவ மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. பாத்தியா, நான் சொன்னப்ப குதிச்சியேன்னு நாத்தனார் ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நானும் என் கண்ணுதான்னு ஒத்துக்கிட்டேன். அவ மேல இருந்த பொறாமை மட்டும் அப்படியேதான் இருந்துச்சு.

ஒன்றரை மாசம் முடிஞ்சு தர்மபுரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி லேப்ல ரத்தம் குடுத்தோம். நாலு நாள் கழிச்சு ரிசல்ட்டு போனுக்கே வந்துச்சு. ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல். அவரு செருப்புக்கூட போடாம அக்கா வூட்டுக்கு ஓடுனாரு. அப்படியே கடைப்பக்கமும் போயிட்டுத் திரும்பி வர்றப்ப கையில பரோட்டா பார்சல். அன்னிக்கு அவரு சிரிச்ச சிரிப்ப நான் கல்யாணத்தன்னிக்குக்கூட பாக்கல. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே சமையக்கட்டுக்குள்ள போயி, ரேஷன் அரிசி டப்பா மேல கைய வெச்சுக்கிட்டு அழுதேன். அப்பாடான்னு வந்த அழுகதான். ஆனா முழுசா அது இல்ல. இனிமே இவ ஆயுசுக்கும் பரோட்டா திம்பா, கேக்கு வெட்டுவா, எங்க போனாலும் எதையும் கேக்காம வாயில போடுவா, நான் ஒண்டியாவே நிப்பேன்னும் அழுதேன்.

பொண்ணு பின்னாலயே வந்து நின்னது எனக்குத் தெரியாது. என் நைட்டியப் புடிச்சு இழுத்தா.

"அழாதம்மா. அந்த டெஸ்டு தப்பு. நான் பரோட்டா திங்கவே இல்ல. எனக்கும் இருக்கும்மா, நீ வேணா பாரேன்."

எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. ஒக்கார வெச்சுக் கேட்டேன். நான் பின்வாசல்ல என் காலடி மண்ண எடுத்தத அவ ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கா. நான் அப்புறம் தெனம் தட்ட வெச்சுட்டு எந்திரிச்சுப் போனத, தன்மேல கோவம்னு நெனச்சிருக்கா. அம்மா திங்க முடியாதத நான் எதுக்குத் திங்கணும்னு, நான் அக்கட்டால போனதும் பிச்சுப் பிச்சு அத்தை வூட்டுக் கோழிங்களுக்குப் போட்டிருக்கா. ஒரு மாசமா. கோழிங்க ஒரு துணுக்கு மிச்சம் வெக்கல. வயித்து வலி நின்னது என் கண்ணு நகந்ததாலயில்ல, அவ திங்கறத நிறுத்துனதால. அதுவும் இத எதுக்கு அன்னிக்குச் சொன்னான்னா, நான் அழுததப் பாத்து என்னையச் சமாதானப்படுத்தறதுக்கு. தனக்கு நோய் இருக்கும்னு சொன்னா அம்மா அழுக நின்னுடும்னு அந்தப் புள்ள கணக்குப் போட்டிருக்கு. அவ கணக்கு தப்புன்னு என்னால சொல்ல முடியல.

அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மண்ண மட்டும் சொல்லல. அவரு பார்சல அப்படியே தூக்கி வெளிவாசல் மாடத்துல வெச்சுட்டாரு. திங்கக்கெழமையிலேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சோம்.

இந்தத் தடவ நான் எந்திரிச்சுப் போகல. பக்கத்துலயே ஒக்காந்து நானே பிச்சு, சால்னாவுல நல்லா ஊற வெச்சு ஊட்டினேன். வேணாம்மா வேணாம்மான்னு கெஞ்சினா. எட்டாம் நாள் வலி வந்துச்சு. டாக்டருக்குப் போன் போட்டேன், தாங்கற வரைக்கும் குடுங்கன்னாரு. அவ வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுவா, நான் அடுத்த துண்டப் பிப்பேன். வெரல் நுனியில எண்ணையும் சால்னாவுமா மின்னும். அவ அழுதுக்கிட்டிருக்கறப்பவும் எனக்கு வாயில எச்சி ஊறிச்சு. என்ன ஜென்மம் நான்னு இருக்கும். எந்திரிச்சுப் போயி சோப்பு போட்டு மொழங்கை வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன்.

மறுபடியும் எடுத்த ரத்தத்துல நோய் இருந்துச்சு. அப்புறம் சேலத்துல குழாய் வுட்டும் பாத்தாங்க. அவருக்குத் தக்காளி எடுப்பு இருந்ததால, துணுக்கு ரிப்போர்ட்ட வாங்கறதுக்கு நானும் அவளும் மட்டும் போனோம். சீலியாக்தான். இப்பவே கண்டுபிடிச்சது நல்லது, வளந்துருவான்னாரு டாக்டர்.

சேலத்துல பஸ் கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் சமோசாக் கூடையத் தூக்கிக்கிட்டு ஏறினாரு. அவ பழக்கத்துல கைய நீட்டினா. நீட்டின கைய அப்படியே எறக்கி மடியில வெச்சுக்கிட்டா. தொப்பூர் மலை ஏறற வரைக்கும் ஜன்னலயே பாத்துக்கிட்டு வந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, நெதானமா கேட்டா.

"அம்மா, பொய் சொல்லக்கூடாது. ஒனக்குக் கொஞ்சமாச்சும் சந்தோசமா இருக்கா?"

என்னடி பேசறன்னு அதட்டியிருக்கலாம். பெத்தவளுக்கு அப்படி இருக்குமாடின்னு அழுதிருக்கலாம். ஆனா அந்த மூஞ்சிக்கிட்ட எனக்குப் பொய் வரல.

"கொஞ்சம் இருக்கு"ன்னேன்.

அவ கொஞ்ச நேரங்கழிச்சுப் பசிக்குதுன்னா. என் பையில ஒரு டப்பா எலுமிச்சஞ்சோறுதான் இருந்துச்சு. வெளிய போனா எனக்கு மட்டும்தான கட்டிக்கிட்டுப் போவேன், அன்னிக்கும் அப்படியே ஒருத்திக்கு மட்டும் கட்டியிருந்தேன். டப்பாவத் தொறந்து அவகிட்ட குடுத்தேன். எனக்கும் காலையிலேர்ந்து வயிறு காஞ்சுதான் கெடந்துச்சு. அவ எனக்கு ஒரு வாய்கூட நீட்டல. என்னையப் பாத்துக்கிட்டே, ஒரு பருக்க மிச்சமில்லாம தின்னு முடிச்சு, வெறும் டப்பாவ என் கையில குடுத்தா.